துரை விட்ட மட்டை

எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மட்டை சாய்ந்து நிற்கிறது. ஐந்தாம் எண் அயர்ன். அப்பா சிறுவனாக இருந்தபோது கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் துரைமாருக்குப் பை தூக்கினார். வேண்டாமென்று ஒரு துரை விட்டுப்போன மட்டையை லயத்துக்கு எடுத்து வந்து, மேல்முனையில் ஒன்றரை அங்குலம் ஹேக்சா பிளேடால் அறுத்திருக்கிறார். கைப்பிடி இருந்த இடத்தில் சைக்கிள் டியூப்பை நாடாவாக நறுக்கி இறுகச் சுற்றியிருக்கிறார். தலையின் பின்புறத்தில் தூண்டில் ஈயத்தைத் தட்டி ஒட்டிய தடம் இன்னும் இருக்கிறது.

அந்த ஈயத் தடத்தைத்தான் நான் அடிக்கடி பார்ப்பேன். தண்டை அறுத்ததும் மட்டை உயரத்துக்குப் பொருந்தியிருக்கும், ஆனால் வீச்சில் உயிர் போயிருக்கும். தண்டு அரை அங்குலம் குறைந்தால், வீசும்போது தலை ஏறத்தாழ 6 கிராம் இழந்ததுபோல் கைக்குத் தெரியும். ஒன்றரை அங்குலத்துக்கு 18 கிராம். அப்பா இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். வீசிப் பார்த்திருக்கிறார், தலை இருக்கும் இடமே தெரியவில்லை என்று உணர்ந்திருக்கிறார், ஈயத்தைச் சேர்த்திருக்கிறார். வீட்டில் செய்யும் மட்டைத் திருத்தத்தின் மேன்மை எது என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தடத்தைத்தான் காட்டுவேன்.

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் இன்று இந்த வேலை பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. வீட்டு முன்புறம் கார் நிற்கும் இடத்தில் ஒரு மேசை, ஒரு பிடிகருவி, ஒரு சூட்டுக்காற்றுத் துப்பாக்கி, நாலைந்து உப்புத்தாள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ பழைய சாமான் கடையிலோ வாங்கிய மட்டைகளைத் தேய்த்து, முலாம் உரித்து, வண்ணம் பூசிப் புதிதாக்குகிறார்கள். அதைச் செய்பவர்களில் என் நண்பர்கள் உண்டு, நானும் உண்டு. ஆகவே இது வெளியிலிருந்து சொல்லும் குறையல்ல. இந்த வேலையில் பாதி, பொருளைப் பயன்படுத்துகிறவனுக்கு நெருக்கமாக்குகிறது. மறுபாதி, பொருளிடமிருந்து அதன் வயதைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் பாராட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நம் ஊரில் இந்த வேறுபாடு கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. கோல்ஃப் ஆட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்ததே இந்த மண்ணின் மரங்களால்தான் என்று சொல்லலாம். முன்பு தோல் பைக்குள் இறகு அடைத்துச் செய்த பந்துகள் விலையும் கூட, நனைந்தால் கெட்டும் போகும். மலாயாக் காடுகளின் கட்டாபெர்ச்சாப் பால் 1840களில் இங்கிலாந்தை எட்டிய சில ஆண்டுகளிலேயே அதை உருட்டிச் செய்த பந்து வந்தது, ஆட்டம் எளியவர் கைக்கும் போனது. பிறகு 1898இல் அமெரிக்கரான ஹாஸ்கெல், ரப்பர் இழையை இழுத்துச் சுற்றிய பந்தை உருவாக்கினார். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் பறந்த பந்துகளுக்குள் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களின் உழைப்பு இழையாகச் சுருண்டு கிடந்தது. பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டம் யு.எஸ். ரப்பர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிளைக்குச் சொந்தமாயிருந்தது. அந்த நிறுவனம் கோல்ஃப் பந்தும் விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏ. எம். சாமி தலைமையில் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்ததும் அதே ஹார்வர்டில்தான். இன்று அந்தப் பெயரிலேயே அங்கே ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. பை தூக்கியும் புல் வெட்டியும் ஆட்டத்தைக் கண்ணால் கற்ற ஒரு சமூகம் இது. வி. நெல்லன், எம். ராமையா, பி. குணசேகரன் என்று மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வந்தது தற்செயல் அல்ல.

எனவே கெடாவில் கிடைக்கும் ஒரு பழைய மட்டை வெறும் பழைய சாமான் அன்று. அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பது அதன் தேய்மானத்தில் எழுதியிருக்கிறது.

முதலில் நன்மையைப் பேசுவோம். கடையில் அடுக்கியிருக்கும் ஆண்கள் மட்டை சராசரி மேலைநாட்டு உயரத்தை மனத்தில் வைத்து அளவெடுத்தது. ஐந்தடி நாலங்குலம் உள்ள ஒருவர் அதைப் பிடித்து நின்றால் தலையின் முன்முனை மேலே தூக்கிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் இழுக்கும். அவர் தன் கைதான் சரியில்லை என்று ஆண்டுக்கணக்கில் நொந்துகொள்வார். தண்டை முக்கால் அங்குலம் குறைத்தால் தலை தரையில் படியத் தொடங்கும், பாதிக் குறை அங்கேயே தீரும். விலை உயர்ந்த புது மட்டை செய்யாததை ஒரு ஹேக்சா பிளேடு செய்கிறது. ஆளுக்கு ஏற்ப மட்டையா, மட்டைக்கு ஏற்ப ஆளா என்ற கேள்வியில் வீட்டுப் பட்டறை சரியான பக்கத்தில் நிற்கிறது.

கைப்பிடி மாற்றுவது இன்னும் எளிது, இன்னும் பயனுள்ளது. நம் வெக்கையில் ரப்பர் கைப்பிடி வியர்வையும் எண்ணெயும் குடித்து ஒன்று பிசுபிசுக்கும், அல்லது கண்ணாடிபோல் இறுகும். இறுகிய பிடியை வழுக்காமல் பிடிக்க விரல்கள் தாமே நெரிக்கும். விரல் நெரித்தால் முழங்கை வரை விறைக்கும். பழையதை வளைந்த கத்தியால் கிழித்து, இருபக்கப் பசை நாடாவைச் சுற்றி, கரைப்பானில் நனைத்துப் புதியதை ஒரே இழுப்பில் ஏற்ற வேண்டும். நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றினால் பிடி பருக்கும். மூட்டு வலியுள்ள முதியவருக்கு அந்த ஒரு சுற்று பெரிய ஆறுதல். கரைப்பானுக்குப் பதில் சிலர் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். மூடிய இடத்தில் அது தீயை வீட்டுக்கு அழைப்பது, செய்யவே கூடாது. இன்னொன்று: மாற்றுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். தூக்கி எறியப்படும் கைப்பிடிகளில் பல அழுக்கானவை மட்டுமே, கெட்டவை அல்ல.

தண்டு கழன்ற தலையை மீண்டும் ஒட்டுவதும் வீட்டில் செய்யத் தக்கதே. ஆனால் எப்பாக்சி பசைக்குப் பொறுமை வேண்டும். உட்சுவரில் பழைய பசை ஒரு துளி இருந்தாலும் புதியது பிடிக்காது. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். நண்பர் ஒருவர் மாலையில் ஒட்டி மறுநாள் காலையில் ஆடினார். மூன்றாவது வீச்சில் தலை பிய்ந்து, பக்கத்தில் நின்றவரின் காலருகே போய் விழுந்தது. ஓர் அடி தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மட்டைகளைப் போட்டு வைப்பதும் பசையை இளக்கும். நம் ஊரில் அதைச் செய்யாதவர் அரிது.

மறுபாதிக்கு வருகிறேன். இங்கே நான் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

முலாம் உரிப்பது இப்போதைய மோகம். வார்த்தெடுக்காமல் அடித்துச் செய்த மென்னிரும்பு மட்டையின் குரோமை நீக்கி, பச்சை இரும்பாகவே விடுவது. துரு மெல்லப் படர்ந்து பழுப்பேறிய நிறம் வருமாம், கைக்கு மென்மை கூடுமாம். குரோம் என்பது தலைமயிரைவிட மெல்லிய படலம். அது போனதால் அடியின் உணர்ச்சி மாறுகிறது என்பதை நான் நம்பவில்லை. குளிர்ந்த வறண்ட நாட்டுக்குப் பொருந்தும் மோகம் இது. அங்கே பச்சை இரும்பு ஆண்டுகள் கழித்து அழகாக மங்கும். இங்கே ஒரு மழைக்காலத்தில் சொறி பிடிக்கும். கெடா மண்ணுக்கு இரும்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செமிலிங் அருகே சுங்கை பத்துவில், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இரும்பு உருக்கியவர்களின் உலைகளும் களிமண் ஊதுகுழாய்களும் கசடுக் குவியல்களும் அகழ்வில் வெளிவந்திருக்கின்றன. ஈரம் இரும்பை என்ன செய்யும் என்று பால் வெட்டும் கத்தியை நாள்தோறும் தீட்டித் துடைத்து வைத்த எங்கள் பாட்டிக்கும் தெரியும்.

அழகு போகட்டும், உடம்பு பெரிது. முலாமை உரிக்க வீட்டில் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது மின்சாரத்தைத் திருப்பி விடுகிறார்கள். முலாம் ஒற்றைப் படலமல்ல. குரோமுக்கு அடியில் நிக்கல், பல மட்டைகளில் அதற்கும் அடியில் செம்பு. மின்சாரமுறையில் குரோமியத்தின் புற்றுநோய் உண்டாக்கும் வடிவம் நீரில் இறங்கும். அந்த மஞ்சள் தண்ணீரை வீட்டு வாய்க்காலில் ஊற்றினால் அது ஆற்றுக்குப் போகிறது. பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் நாம். அமிலம் தெறித்த கைத்தழும்புகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். வயிற்றுப் பிழைப்புக்காக அவர்கள் சகித்த ஒன்றை ஒரு நிறத்துக்காக நாம் வீட்டுக்குள் கொண்டு வருவதா?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பிங் நிறுவனம் 1980களில் பெயர் பெற்ற ஐ-2 மட்டைகளை எஃகில் மட்டுமன்றிப் பெரிலியம் கலந்த செம்பிலும் வார்த்தது. பழைய சாமான்களில் இன்றும் அவை செம்பழுப்பாகத் தென்படும். வைத்திருப்பதாலோ ஆடுவதாலோ தீங்கில்லை. அரைத்தால்தான் கேடு. அந்தத் தூள் நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழித்துத் தீராத நோயாக வெளிப்படும். செம்பு நிற மட்டை எது கிடைத்தாலும் அதன்மேல் அரமோ உப்புத்தாளோ வைக்காதீர்கள். மங்கலாகவே இருக்கட்டும்.

மர மட்டைகளின் நிலை எனக்கு வருத்தம் தருவது. 1979இல் டெய்லர்மேட் உலோகத் தலையை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை, நீண்ட அடிக்கான மட்டையின் தலை பெரும்பாலும் பெர்சிமன் மரம். நம் கருங்காலியின் பங்காளி மரம் அது, ஒரே பேரினம். எண்ணெய் ஊட்டி, அடியில் பித்தளைத் தகடு திருகி, கழுத்தில் மெழுகு நூல் சுற்றிச் செய்த அந்தத் தலைகளைப் பழைய வார்னிஷ் உரித்துப் புது நிறம் தீட்டுவது நுட்பமான, மனநிறைவான வேலைதான். ஈரம் உள்ளே புகாமல் காக்க அது தேவையும்கூட. ஆனால் அவசரக்காரர் முகப்பையும் சேர்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிவிடுகிறார். அந்த முகப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புடைப்பு உண்டு. ஓரத்தில் பட்ட பந்தை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர, அனுபவப்பட்ட கைகள் இழைத்த வளைவு அது. ஒருமுறை போனால் திரும்பாது. நானும் ஒரு தலையை அப்படிக் கெடுத்தேன். பளபளப்பு வந்தது, பந்து நேராகப் போவது நின்றது.

விதிகளும் உண்டு. 2010இலிருந்து புதிதாகச் செய்யும் மட்டைகளின் பள்ளக்கோடுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. தேய்ந்த கோடுகளைக் கருவியால் கூர்தீட்டுகிறவர் பெரும்பாலும் தெரியாமலே தம் மட்டையைப் போட்டிக்கு ஆகாததாக்கிக்கொள்கிறார். தீட்டிப் புதிதாக்கியதைப் பழுதில்லாத அசல் என்று விற்பது வெறும் அறியாமை அன்று, ஏமாற்று. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்வாதம் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்ததுண்டு. துரை விட்ட மட்டையைத் தொழிலாளியின் பிள்ளை அறுத்து, ஒட்டி, தன்னுடையதாக்கியதைக் கொண்டாடும் நான், அதே உரிமையை இன்றைய இளைஞனுக்கு எப்படி மறுக்கலாம்? அவனும் பொருளைத் தனதாக்கத்தானே பார்க்கிறான்? மறுக்கவில்லை. அப்பா செய்த ஒவ்வொரு வெட்டுக்கும் ஆட்டத்தில் ஒரு காரணம் இருந்தது, அது வேலையின்மேல் தெரிகிறது. இன்றைய வேலையிலும் காரணம் தெரிந்தால் நான் தலை வணங்குவேன். காரணம் இல்லாமல் பழமையைச் சுரண்டி எடுக்கும்போதுதான் அந்தப் பொருளோடு பேச மறுத்ததாக எனக்குப் படுகிறது.

ஆனாலும் என் அளவுகோல் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. அப்பாவின் மட்டையில் டியூப் ரப்பர் இப்போது பொடிந்து உதிர்கிறது. கைப்பிடி கெட்டால் மாற்று என்று மேலே எழுதியவன் நான். கத்தியை எடுத்து இரண்டு முறை மேசைக்கு வந்து, இரண்டு முறையும் வைத்துவிட்டேன். அந்தச் சுற்றுகளுக்கு இடையில் அவர் விரல் அழுத்திய பள்ளங்கள் இருக்கின்றன.

அதனால் வேறொன்று செய்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய ஏழாம் எண் அயர்ன் ஒன்றை மகளின் உயரத்துக்கு அறுத்து, அப்பா ஈயம் வைத்த அதே இடத்தில் ஈயம் வைத்து, மெல்லிய புதுப் பிடி ஏற்றிக் கொடுத்தேன். அவளுக்கு ஊதா நிறம் வேண்டுமாம். தலையில் பூச வேண்டாம், அடியில் குடைந்திருக்கும் எண்ணுக்குள் மட்டும் என்றேன். நகப்பூச்சுப் புட்டியையும் பல்குத்தும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். 7 என்ற எண்ணின் கோடு தாண்டாமல் நிரப்ப அவளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் பிடித்தது.