வளையத்துக்குள் வளையம்

உயிருள்ள செல்லைச் சாயமில்லாமலே காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப் உறை போட்டபடி ஆய்வக மூலையில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். "அதை செட் பண்றது கஷ்டம் சார்" என்பார்கள். பத்து நிமிட வேலை! சாயத்தில் முக்கிய செத்த செல்லை மட்டுமே பார்த்துப் படிப்பை முடித்துக்கொண்டு போகிறார்களே!

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாக வழித்து, ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, கவர் ஸ்லிப் போட்டு, 10 மடங்கு லென்ஸில் ஃபோகஸ் செய்யுங்கள். விளக்குப் பக்கத்து டயாஃப்ரத்தைச் சுருக்கி, அதன் விளிம்பு கூர்மையாகும்வரை கண்டென்சரை ஏற்றி இறக்கி, நடுவுக்குக் கொண்டுவந்து, திறந்துவிடுங்கள். அப்ஜெக்டிவில் பிஎச் 1 என்றிருந்தால் கண்டென்சர் சக்கரத்தையும் அதே எண்ணில் வையுங்கள். ஐபீஸைக் கழற்றி சென்டரிங் டெலஸ்கோப்பைச் செருகினால் வெள்ளை வளையம் ஒன்று, சாம்பல் வளையம் ஒன்று. திருகுகளைத் திருகி வெள்ளையைச் சாம்பலுக்குள் உட்கார வையுங்கள். முடிந்தது.

இனி என் வழக்கு. "கண்டென்சர் ஐரிஸை மூடினாலே செல் தெரியுதே, இதுக்கு எதுக்குத் தனி லென்ஸ்?" என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்! இரண்டும் ஒன்றே அல்ல. ஐரிஸை மூடினால் சாய்ந்து வரும் கதிர்கள் வெட்டுப்படும். நுண்விவரமும் அவற்றோடு போய்விடும். செல்லின் ஓரம் கறுத்துத் தடிக்கும், பக்கத்தில் இல்லாத கோடுகள் முளைக்கும். கெட்டுப்போன பிம்பத்தைத் தெளிவு என்று நம்புவது மேலோட்டமான பார்வை. ஃபேஸில் ஐரிஸ் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். செல்லில் பட்டுச் சிதறிய ஒளி, நேரே வந்த ஒளியைவிடக் கால் அலை பின்தங்கும். அந்த வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் வளையமோ நேரொளியை மங்கவைத்து, இன்னொரு கால் அலை முன்னே தள்ளுகிறது. இப்போது அரை அலை வித்தியாசம். ஒன்றை ஒன்று அடிக்க, செல் கருமையாக எழுந்து வரும். நியூக்ளியஸ், துகள்கள், மேலே ஒட்டிய பாக்டீரியா, எல்லாமே!

1930களில் க்ரோனிங்கனில் இந்த முறையைக் கண்டுபிடித்த ஃபிரிட்ஸ் ஸெர்னிகெயை ஜெனாவின் ஸைஸ் நிறுவனம் அலட்சியமாகத் திருப்பி அனுப்பியது. 1953இல் இதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

இப்போதைய மோஸ்தர் டிஐசி, அதாவது டிஃபரென்ஷியல் இன்டர்ஃபியரன்ஸ் கான்ட்ராஸ்ட். செல் மேடும் பள்ளமுமாகத் தெரிய, பத்திரிகை அட்டைக்குப் பிடித்துப்போகிறது. அந்த மேடு உண்மையான உயரம் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. ஃபேஸில் செல்லைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறதே என்று மட்டும் முகம் சுளிப்பார்கள். வரும்தான். தடித்த பொருளை வைத்தால் இன்னும் மோசமாக வரும். மெல்லியதாக வையுங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். வெங்காயச் செதிலின் உள்தோலை உரித்து, தண்ணீரில் விரித்து, 40 மடங்குக்குப் போங்கள். சக்கரத்தை பிஎச் 2க்கு மாற்றி, வளையத்தை மறுபடி சரிபாருங்கள். அறை விளக்கை அணையுங்கள். செல்லுக்குள் இழை இழையாக ஓடும் சைட்டோபிளாசத்தில் துகள்கள் வரிசையாகப் போகும்; ஒன்று தயங்கும், நிற்கும், வந்த வழியே திரும்பும். நான் முதன்முதலில் பார்த்த இரவு சாப்பிடவே மறந்துபோனேன்.