ஒரே கூரை, இரு பலிபீடம்!

இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரிலே இரண்டு பேராலயங்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்று ஆங்கிலிக்கன் சபையாருடையது, மற்றொன்று கத்தோலிக்கருடையது. இரண்டையும் இணைக்கும் வீதியின் பெயர் 'ஹோப்' - நம்பிக்கை! ஆங்கிலிக்கன் பேராலயத்தை வரைந்து தந்த கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர். 1904-இல் அடிக்கல் நாட்டி 1978-இல் முடித்த அந்தக் கட்டடத்தில் எந்தக் கல்லும், "என்னை அடுக்கியவன் எந்தச் சபையான்?" என்று கேட்கவில்லை. கேட்டவர்கள் மனிதர்கள். அதே நகரில் 1909-இல் இரு சபையாரும் தெருவில் மோதினர், மண்டைகள் உடைந்தன, குடும்பங்கள் வீடுவாசலை விட்டு ஓடின.

அந்த நகரிலேதான் இன்று கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் கூட்டாக நடத்தும் பள்ளிகள் உள்ளன. சிறு பிள்ளைகளுக்கு 'எம்மாவு' தொடக்கப் பள்ளி. வளர்ந்த பிள்ளைகளுக்கு 2005-இல் திறக்கப்பட்ட அசிசி பிரான்சிஸ் கல்விக்கூடம். இந்த நட்புக்கு வித்திட்டவர்கள் இருவர். ஒருவர் ஆங்கிலிக்கன் ஆயர் டேவிட் ஷெப்பர்ட், ஒருகாலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். மற்றவர் கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக். வேலையின்மையால் வாடிய நகருக்காக இருவரும் சேர்ந்தே குரல் கொடுத்தனர். இதை நாம் மறைக்கமாட்டோம், பாராட்டவே செய்கிறோம். 1555-இல் ஆக்ஸ்போர்டில் லாட்டிமரையும் ரிட்லியையும் உயிரோடு கொளுத்தினார்கள் கத்தோலிக்க அரசியின் ஆட்சியினர். 1581-இல் கேம்பியன் என்ற கத்தோலிக்கக் குருவைத் தூக்கிலிட்டுக் கூறுபோட்டார்கள் எதிர்த் தரப்பினர். கொள்ளிக்கட்டையும் கயிறும் ஏந்திய கரங்கள் கரும்பலகைக்கு முன் கைகுலுக்குவது வளர்ச்சிதான். ஐயமில்லை.

ஆனால் தோழர்களே, கைகுலுக்கல் எந்த இடம்வரை செல்கிறது? அங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது.

பிள்ளைகள் ஒன்றாகக் கணக்குப் போடுகிறார்கள், ஒன்றாகப் பந்தாடுகிறார்கள், மதிய உணவை ஒரே மேசையில் உண்கிறார்கள். பூசையில் அப்பம் பகிரும் நேரம் வந்ததும் கோடு விழுகிறது! ஆங்கிலிக்கன் குருக்களின் அபிடேகம் செல்லவே செல்லாது என்று 1896-இல் போப் பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். அந்தத் தீர்ப்பு இன்றும் நீக்கப்படவில்லை. ஆகவே ஆங்கிலிக்கர் தரும் அப்பத்தைக் கத்தோலிக்கச் சிறுவன் தொடலாகாது. கத்தோலிக்கர் பூசையில் ஆங்கிலிக்கச் சிறுமிக்குப் பொதுவிதிப்படி அப்பமில்லை. 'எம்மாவு' என்ற பெயரையாவது எண்ணிப் பார்த்தார்களா? அப்பத்தைப் பிட்டபோதுதான் சீடர்கள் ஏசுவை அடையாளம் கண்டார்கள் என்று அவர்களுடைய வேதமே சொல்லும் ஊர் அது! அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, அப்பத்தின் அருகே வந்ததும் பிள்ளைகளைப் பிரிக்கிறது அவர்களுடைய விதி.

இன்னொன்றும் கேட்போம். ஒரு மாணவி எழுந்து, "நான் குருவாகலாமா?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? ஆங்கிலிக்கன் சபை 1994-இலேயே பெண்களைக் குருக்களாக்கியது. 2015-இல் ஆயராகவும் அமர்த்தியது. கத்தோலிக்கச் சபையோ கூடாது என்கிறது. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு சிறுமியருள் ஒருத்திக்கு "ஆகலாம்", மற்றொருத்திக்கு "ஆகாது"! இருவருக்கும் அறிவு ஒன்றுதான். ஞானஸ்நானப் பதிவேடுதான் வேறு. அந்தக் கேள்வியை வெளிப்படையாக விவாதிக்க விடும் ஆசிரியர் இருந்தால், அவருக்கு நம் வணக்கம்.

சரி, இரு சபையாரும் நாளையே அப்பத்தையும் பகிர்ந்துகொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கதவுக்கு வெளியே நிற்பவன் கதி என்ன? இத்தகைய பள்ளிகளின் அன்றாடச் செலவை ஏற்பது அரசு. சபைகள் பொறுப்பேற்கும் உதவிபெறும் பள்ளிகளில் கட்டடச் செலவுக்குக்கூட நிர்வாகம் தருவது பொதுவாகப் பத்தில் ஒரு பங்குதான். மீதியைத் தருபவன் வரி கட்டும் குடிமகன்; அவன் முஸ்லிமாகவும் இருப்பான், எந்தக் கடவுளையும் ஏற்காதவனாகவும் இருப்பான். ஆனால் இடத்துக்குப் போட்டி வந்தால் சமயம் பார்த்துச் சேர்க்க 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே விலக்கு அளிக்கிறது. சமத்துவச் சட்டத்துக்குள்ளேயே சமத்துவத்துக்கு விலக்கு! இருவர் பகை மறந்து சேர்ந்தது நன்று. சேர்ந்து நின்று மூன்றாமவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளலாமா?

வழிபாட்டுக்கு வருவோம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் நாள்தோறும் கூட்டுவழிபாடு வேண்டும் என்று விதித்தது 1944-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடமை இன்றும் நிற்கிறது. விருப்பமில்லாத பிள்ளையைப் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம். மேல்நிலை வகுப்பு மாணவர் தாமே விலக உரிமை தந்தது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குக் கீழே உள்ளவன்? பதினைந்து வயதுப் பையன் டார்வினைப் படிக்கிறான், வரலாற்றில் ஆக்ஸ்போர்டு நெருப்பையும் படிக்கிறான், படித்தபின் சிந்திக்கிறான். "எனக்கு இதில் நம்பிக்கையில்லை" என்று நேர்மையாகச் சொல்கிறான். அவன் சொல் செல்லாது. தந்தையின் கடிதம் வேண்டும். தந்தையோ, அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் ஆலயம் சென்று குருவிடம் சான்று வாங்கியவராக இருக்கலாம். அவர் எழுதுவாரா அந்தக் கடிதத்தை?