சொட்டுக்கூட இல்லை!

இந்த வாரம் விமர்சனத்துக்குப் புத்தகமோ சினிமாவோ இல்லை. ஒரு எண்ணெய் பாட்டில், ஒரு லேப் ரிப்போர்ட். நாவல்களைவிட இவற்றுக்கு வாசகர்கள் அதிகம். பெரும்பாலும் முதல் வரியோடு மூடிவைத்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில் பாட்டில். லேபிளில் ஒரு சிவப்பு இதயம், சிரித்துக்கொண்டே ஓடும் ஒல்லிக் குடும்பம், கொட்டை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் ஃப்ரீ'. பொய்யா என்றால், இல்லை. நூற்றுக்கு நூறு உண்மை. கொலஸ்ட்ரால் என்பது மிருக உடம்புகள் தயாரிக்கும் சரக்கு. கடலை, எள், சூரியகாந்தி என்று எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லிக்கொள்கிற அளவுக்குக் கிடையாது. 'எங்கள் தயிரில் முள் இல்லை' என்று மீன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விற்பது மாதிரி.

இப்படிப்பட்ட உண்மைகளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தேங்காயெண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொட்டுக்கூட இல்லை. ஆனால் அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதைத் தாராளமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் எல்.டி.எல். ஏறும். வனஸ்பதியிலும் கொலஸ்ட்ரால் இல்லை. அதில் இருந்தது டிரான்ஸ் கொழுப்பு. கெட்டதை ஏற்றி, நல்லதை இறக்கி, இரண்டு பக்கமும் அடிக்கும் ஆசாமி. நம் அரசாங்கம் அதை 2 சதவீதத்துக்குள் கட்டிப்போட 2022 ஜனவரி ஆயிற்று. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பது பாட்டிலின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்.

இனி ரிப்போர்ட். இது என் தங்கை மகனுடையது. அப்போது வயது 43, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 98 கிலோ. கம்ப்யூட்டர் உத்தியோகம். 2022 மார்ச்சில் மாஸ்டர் செக்கப் முடித்துவிட்டு போன் பண்ணினான்.

"டோட்டல் 186 மாமா. நார்மல்! எல்.டி.எல்.கூட 97தான்."

"இந்த உடம்புக்கு நார்மல்னா நீ அதிர்ஷ்டக்காரன்டா" என்றேன்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தாடையில் வலி என்று எழுந்தான். இரண்டு ஸ்டென்ட். பிழைத்துவிட்டான். ஐ.சி.யூ. வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான், தங்கை ஃபைலில் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய காகிதத்தை முழுசாகப் படித்தேன். டோட்டலுக்குக் கீழே ஹெச்.டி.எல். 31, குறைந்தது 40 வேண்டும். டிரைகிளிசரைட் 290, 150-க்குள் இருக்க வேண்டும். எல்லாம் அச்சாகித்தான் இருந்தது. பக்கத்தில் 'எல்', 'ஹெச்' என்று ஆளுக்கொரு எழுத்து. இனிஷியல் மாதிரி.

ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். மனக்கணக்காக 186-ல் 31-ஐக் கழித்தார். "155 சார். இது 130-க்குள்ள இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் கணக்கு. டோட்டலில் நல்லதைக் கழித்தால் மிச்சமெல்லாம் ரத்தக்குழாய்க்கு ஆகாதது. 'நான்-ஹெச்.டி.எல்.' என்று பெயர். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் போடக்கூடிய இந்தக் கழித்தலை அந்த ரிப்போர்ட் போட்டிருக்கவில்லை.

அப்படியானால் அந்த 97? அது அளந்ததே அல்ல, கணக்குப் போட்டது. 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்: டோட்டலில் ஹெச்.டி.எல்.லைக் கழி, டிரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. டிரைகிளிசரைட் ஏற ஏற இந்த விடை நிஜத்தைவிடக் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். 400-ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. அதாவது, குண்டானவர்களுக்கு எது அதிகம் ஏறுமோ, அது ஏறும்போதுதான் கணக்கு காலை வாருகிறது.

ஏன் ஏறுகிறது? தொடையில் சேர்கிற கொழுப்பு சாது. தொந்திக்குள்ளே குடலைச் சுற்றிச் சேர்கிறதே, அது சும்மா இருக்காது. கொழுப்பு அமிலங்களை ஈரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஈரல் அவற்றை டிரைகிளிசரைட்டாக மூட்டை கட்டி ரத்தத்தில் ஏற்றும். கூடவே சாதம், சர்க்கரை, கூல் டிரிங்க் வேறு மூலப்பொருள். இந்த மூட்டைகள் வழியில் எல்.டி.எல்., ஹெச்.டி.எல். இரண்டோடும் பண்டமாற்று செய்கின்றன. விளைவு, ஹெச்.டி.எல். சீக்கிரம் கழிந்துபோகிறது. எல்.டி.எல். துகள்கள் சின்னதாக, கெட்டியாக, எண்ணிக்கையில் அதிகமாக ஆகின்றன. பெரிய லாரிகளுக்குப் பதில் ஷேர் ஆட்டோக்கள். மொத்தச் சரக்கை மட்டும் எடை போடுகிறவருக்குச் சாலை நெரிசல் தெரியாது.

இது என் வீட்டுப் பையன் கதை மட்டுமல்ல. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகரில் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று நடந்து 2014-ல் முடிவு வெளியானது. டோட்டல் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். டிரைகிளிசரைட் அதிகம், 30 பேர். ஹெச்.டி.எல். குறைவு, 72 பேர். நாம் பயப்படுவது அந்தப் பதினாலுக்கு.

எதிர்க்கட்சியையும் விட்டுவிட முடியாது. வாட்ஸப்பில் சுற்றுகிறதே, 'கொலஸ்ட்ராலே ஒரு மோசடி, அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று. 2015-ஐ ஒட்டி வந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, தினம் 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை எடுத்தது நிஜம். நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது என்பதால், முட்டைக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் அதே வழிகாட்டி, உணவில் கொலஸ்ட்ரால் முடிந்தவரை குறைவாகவே இருக்கட்டும் என்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கலோரியில் 10 சதவீதத்துக்குள் என்கிற விதியையும் தொடவில்லை. ஃபார்வர்ட் பண்ணுகிறவர்கள் இந்த வரிகளை வெட்டிவிடுகிறார்கள். எல்.டி.எல். ரத்தக்குழாயை அடைக்கிறது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஒல்லியாக இருந்தும் பரம்பரையாக அது எகிறிப்போய், முப்பது வயதில் மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. ஸ்டாடின் வேண்டியவர், ஃபார்வர்டைப் படித்து நிறுத்தினால் எண்ணெய்க் கம்பெனியைவிடப் பெரிய அபாயம்.

எனக்கு அதிகாரம் இருந்தால் ரிப்போர்ட்டில் முதல் வரியாக அந்தக் கழித்தலைப் போடுவேன். இரண்டாவது வரி, இடுப்புச் சுற்றளவு. நமக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80. டெய்லர் டேப் போதும். "பேன்ட் சைஸ் 36தான் சார்" என்று ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. நாம் பேன்ட் கட்டுவது தொந்திக்குக் கீழே. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை எக்காமல் அளக்க வேண்டும். நான் எக்கினால் 93. விட்டால் 98.

பையன் ஒன்பது கிலோ இறக்கியிருக்கிறான். உடம்பில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைட் ஐந்தில் ஒரு பங்குவரை இறங்கக்கூடும் என்பார்கள். அவனுக்கு அதைவிட நன்றாகவே இறங்கி, 170-ல் நிற்கிறது. எல்.டி.எல்.லை மாத்திரை பார்த்துக்கொள்கிறது. ராத்திரி சாதம் இல்லை, காலையில் பார்க்கில் நடை.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். தட்டை நீட்டினாள்.

"அந்தப் பாட்டில் எண்ணெய்தாண்ணா. கொலஸ்ட்ரால் இல்லாதது. தைரியமா சாப்பிடு."

இரண்டு எடுத்துக்கொண்டேன்.