தெரிந்தே பார்த்தவர்கள்

சேலஞ்சர் வெடித்ததைச் சிறுவனாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். என் நினைவில் அது ஒரு பகல் பொழுது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுக் கூடம். சிமெண்ட் தரையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். பெட்டிக்குள் ஆழ்ந்த நீல வானம், அதில் ஆட்டுக்கொம்பு போல இரண்டாகப் பிரிந்து போகும் வெண்புகை. அலுவலகத்தில் என் வயது அமெரிக்கர்கள் தங்கள் வகுப்பறை நினைவைச் சொல்லும்போது நானும் இதைச் சொல்வேன். "இந்தியாவிலும் காட்டினார்களா?" என்று வியப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

போன வருடம் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அந்த வீட்ல இருந்தது சாலிடேர் டிவிடா, கறுப்பு வெள்ளை. நீ எட்டரைக்கெல்லாம் தூங்கிடுவே." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1986 ஜனவரி 28, புளோரிடாவில் முற்பகல் 11:38. சென்னையில் இரவு பத்து மணி எட்டு நிமிடம். எனக்கு ஆறு வயது. பகலும் இல்லை, நீல வானமும் இல்லை. மறுநாள் செய்தியில் ஒரு துண்டைப் பார்த்திருக்கலாம். மீதியெல்லாம் மேற்படிப்புக்கு இங்கே வந்த பிறகு, ஒவ்வொரு நினைவு நாளிலும் பார்த்துப் பார்த்து என் தலைக்குள் நானே தைத்துக்கொண்டது.

இதில் நான் தனி ஆள் இல்லை. விபத்துக்கு மறுநாள் காலையில் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியலாளர்கள் 106 மாணவர்களிடம், செய்தியை எங்கே, எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். முதலில் தொலைக்காட்சி வழியாக அறிந்ததாக எழுதியவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். இப்போது அது பாதியை நெருங்கியிருந்தது. 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய பதிலோடு பொருந்தவில்லை. எனக்கு மறக்கமுடியாதது அடுத்து நடந்ததுதான். அவர்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் அசல் நினைவு யாருக்கும் திரும்பி வரவில்லை.

அமெரிக்காவிலும் அன்று நேரலையில் பார்த்தவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. விண்வெளி ஓடம் ஏறுவது அதற்குள் சலித்துப்போன காட்சியாகியிருந்தது. பெரிய தொலைக்காட்சிகள் வழக்கமான நிகழ்ச்சிகளுக்குத் திரும்பிவிட, சி.என்.என். நேரலையில் காட்டியது. பள்ளிகளுக்கு நாசாவே செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பு ஏற்பாடு செய்திருந்தது. காரணம் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. விண்ணப்பித்த 11,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்வானவர். அவருடைய பள்ளியில், நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டில், பிள்ளைகள் கொண்டாட்டத் தொப்பியும் ஊதலுமாகக் கூடியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் நினைவு உண்மையானது. அதைச் சுற்றி ஒரு தலைமுறையே தன் நினைவை வளர்த்துக்கொண்டது.

இன்று அது தனியொரு இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. சக்கர மேசையில் தள்ளிவரப்பட்ட தொலைக்காட்சி, எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் பிள்ளைகள், புகை, பேச்சற்று நிற்கும் ஆசிரியை, பெட்டியை அணைக்கும் கை. கட்டுரை எங்கே தொடங்கினாலும் குழந்தைப் பருவம் முடிந்த நாள் அது என்ற வரியில் வந்து இறங்கும். பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை. (நம் இதழ்களில் வரும் ஊர் நினைவுக் கட்டுரைகளில் 'என் கண்ணால் பார்த்தேன்' என்ற சொற்கள் வரும்போதும் இப்போதெல்லாம் ஒரு கணம் நின்றுதான் படிக்கிறேன்.) என் குறை வேறு. இந்த வகை எழுத்து தரைமேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணை விட்டு நகர்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது, அதனிடம் யாரும் எதையும் கேட்கமுடியாது. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு அதைவிட வசதியான இருக்கை ஏது?

2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு பகுதி ஆவணத் தொடர் 'சேலஞ்சர்: தி ஃபைனல் ஃப்ளைட்' இந்த இருக்கையிலிருந்து எழ முயல்கிறது. அதன் வலு நேர்காணல்களில் இருக்கிறது. ராக்கெட்டுகளுக்குப் பொறுப்பான மார்ஷல் மையத்தின் இயக்குநராக இருந்த வில்லியம் லூகஸ், முதுமையிலும், மறுபடி அதே முடிவைத்தான் எடுப்பேன் என்கிறார். பூஸ்டர் திட்டத்தின் மேலாளர் லாரி மல்லாய், பழி என்மேல்தான், ஆனால் குற்ற உணர்வு இல்லை என்கிறார். அந்த முகங்களில் கேமரா தங்கும்போது உடல் சில்லிடுகிறது. ஆனாலும் தொடர் கடைசியில் அந்த வெண்புகையை நம்பியே நிற்கிறது. வானத்தைக் காட்டினால் போதும், பார்ப்பவர்கள் தங்கள் தங்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.

ஆடம் ஹிக்கின்பாதம் 2024இல் வெளியிட்ட 'சேலஞ்சர்' நூலை இதைவிட மேலாக மதிக்கிறேன். 1967இன் அப்போலோ 1 தீவிபத்து வரை பின்னோக்கிப் போய், ஒவ்வொரு சின்ன விலகலும் எப்படி வழக்கமாகிப் போனது என்று அவர் பொறுமையாகக் கட்டிக்கொண்டு வருகிறார். அங்கே புகைக்கு முந்தைய இரவுதான் மையம். அந்த இரவில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் குரல்கள். ஜனவரி 27 மாலை, யூட்டாவில் பூஸ்டர் தயாரித்த மார்ட்டன் தயாக்கால் நிறுவனம், அலபாமாவில் மார்ஷல் மையம், புளோரிடாவில் ஏவுதளம், மூன்றையும் இணைத்த ஒரு தொலைபேசிக் கூட்டம். பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், 53 பாரன்ஹீட், அதாவது 12 செல்சியஸுக்குக் கீழே ஏவவேண்டாம் என்றார்கள் பொறியாளர்கள். முந்தைய ஜனவரியில் அந்தக் குளிரில் ஏவியபோது வளையங்களுக்கிடையே படிந்திருந்த கரியின் புகைப்படங்களை ரோஜர் பாய்ஸ்ஜாலி மேசைமேல் வைத்துக் காட்டினார். தொலைபேசியின் மறுமுனைக்குப் புகைப்படம் தெரியாது அல்லவா?

மல்லாய், அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்கவா என்ற பொருளில் கேட்டார். தயாக்கால் ஐந்து நிமிடம் தனியாகப் பேச அவகாசம் கேட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று ஒரு மேலாளர் இன்னொருவரிடம் சொன்னது அப்போதுதான். பொறியாளர்களைக் கேட்காமல் நான்கு மேலாளர்கள் முடிவெடுத்தார்கள். புளோரிடாவில் இருந்த ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். அந்த இரவைப் பற்றிப் பாய்ஸ்ஜாலி பின்னால் சொன்ன ஒன்று கூர்மையானது: வழக்கமாகப் பறப்பது பாதுகாப்பானது என்று நிரூபிக்கச் சொல்வார்கள், அன்றைக்குப் பாதுகாப்பில்லை என்று எங்களை நிரூபிக்கச் சொன்னார்கள். மறுநாள் ஏவியபோது வெப்பநிலை 36 பாரன்ஹீட்.

மறுநாள் யூட்டாவிலும் ஒரு தொலைக்காட்சி ஓடியது. தன் மகளுடன் காரில் அலுவலகம் போன பொறியாளர் பாப் எபெலிங், எல்லோரும் சாகப்போகிறார்கள் என்று டாஷ்போர்டில் குத்திக்கொண்டே போனார். பார்க்கமாட்டேன் என்ற பாய்ஸ்ஜாலியை அவர்தான் கூட்ட அறைக்குள் அழைத்தார். வெடித்தால் ஏவுதளத்திலேயே வெடிக்கும் என்று நினைத்திருந்தவர்கள், ஓடம் மேலே எழும்பியதும் மூச்சுவிட்டார்கள். ஒரு நிமிடம் ஆனபோது எபெலிங் நன்றி சொல்லிப் பிரார்த்தித்தார். 73ஆவது விநாடியில் திரையில் அந்தப் புகை. சேலஞ்சரைத் தொலைக்காட்சியில் பார்த்த அனுபவம் என்று ஒன்றை எழுத வேண்டுமானால் இதைத்தான் எழுதவேண்டும். அந்த அறையில் குழந்தை யாரும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து வானொலியில் பேசியபோதும் தன் வாதம் போதவில்லை என்றே எபெலிங் வருந்தினார். கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் ஆறுதல் கடிதம் எழுதினார்கள். சில வாரங்களில், 2016 மார்ச்சில், இறந்தார்.

2003 பிப்ரவரி 1 சனிக்கிழமை காலை, கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியதை நான் மெய்யாகவே பார்த்தேன். கல்பனா சாவ்லா இருந்ததால் எங்கள் மாணவர் வீட்டில் நால்வரும் எழுந்து உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் கோடுகள் தவிர எனக்கு அதிகம் நினைவில்லை. அங்கும் ஏவிய நாளில் இறக்கையில் நுரைத் துண்டு மோதியதைப் பொறியாளர்கள் கவனித்து, அதைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள், மேலிடம் கேட்கவில்லை. அது எங்களுக்கு மாதங்கள் கழித்து விசாரணை அறிக்கையில்தான் தெரிந்தது.

இந்த நூலைப் படித்து முடித்த வாரத்தில் என் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சம்பளப் பட்டுவாடா மென்பொருளை நடைமுறைக்கு விடுவதா வேண்டாமா என்ற வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டத்தில், குழுவிலேயே இளையவளான சோதனையாளர் ஓவர்டைம் கணக்கு இடிக்கிறது என்றாள். "உண்மையான தரவிலும் இது நடக்கும் என்று உன்னால் உறுதியாகச் சொல்லமுடியுமா?" என்று கேட்டது நான். அவள் பேசாமல் இருந்தாள். தடை எதுவும் இல்லை என்று குறிப்பெழுதி அனுப்பினேன். யாரும் சாகவில்லை. இரவுப் பணியாளர்கள் சிலருக்கு, வாடகை கட்டவேண்டிய வாரத்தில், சம்பளம் குறைந்து வந்தது.

இத்தனை நாளும் அவள் தயங்கித் தயங்கி, ஒரே ஒரு தடவை சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. மின்னஞ்சலில் மூன்று தடவை எழுதியிருக்கிறாள். மூன்றாவதில் தேதி, ஊழியர் எண்ணிக்கை, எவ்வளவு குறையும் என்பது வரை இருக்கிறது. அதன் கீழே 'பார்த்துவிட்டேன், நன்றி' என்ற என் பதில்.