குளோ பிளக்

கனடாவின் உறைபனிக் காலத்தில் இரவு முழுதும் மின்சாரத்தால் எஞ்சினைச் சூடாக்கிவைக்கும் ஹீட்டர், விடியற்குளிர் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கும், மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவுக்கு அவசியமன்று. ஆயினும், இம்மலைப் பாதைகளில் காய்கறி மூட்டைகளைச் சுமந்தேறும் பழைய டீசல் லேண்ட் ரோவரினுள் அமர்ந்து, குளிரில் எஞ்சின் கிளம்ப உதவும் சேவையை அரை நிமிஷத்திற்குள் செய்துமுடிக்கும் குளோ பிளக்கை நான் மனமார வியக்கிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணமே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டுமாதலால், குளிர்ந்த இரும்பு அவ்வுஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும் அதிகாலையில், செந்தணலாய்ச் சிவக்கும் இச்சிறு கம்பியே அதற்கு ஆதாரம். 1957இல் லேண்ட் ரோவருக்கு டீசல் எஞ்சின் வாய்த்த காலத்து அமைப்பில், நான்கு பிளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடராக இணைக்கப்பட்டிருந்தமையால், ஒன்றின் கம்பி அறுந்தாலும் நான்கும் செயலற்றுவிடும். ஒவ்வொன்றும் 12 வோல்ட்டைத் தனித்தனியே பெறும் பென்சில் வடிவப் பிளக்குகளிலோ, ஒன்று பழுதுற்றாலும் ஏனைய மூன்றும் தம் கடமையை நிறைவேற்றும்.

ஆதலின் பிந்தியதைத் தேர்வதே விவேகம். ஆனால் நான்கையும் ஒருசேர மாற்றி, மின்கம்பி இணைப்பையும் அதற்கேற்பத் திருத்தியமைத்தல் வேண்டும். பழைய வகைப் பிளக்கு முழு 12 வோல்ட்டையும் தாங்காது.