நம்பர் ஒன் ரசிகை

'மிஸரி' (1990) படத்தை ராத்திரி தனியாகப் பாருங்கள். பயத்துக்காக இல்லை. தப்பான இடங்களில் சிரிப்பு வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஸ்டீஃபன் கிங்கின் 1987 நாவல்; ராப் ரைனர் டைரக்‌ஷன். பிரபல எழுத்தாளர் பால் ஷெல்டன், மிஸரி என்ற நாயகியை வைத்து நாவல் நாவலாக எழுதி அலுத்துப்போய் அவளைச் சாகடித்துவிடுகிறார். கொலராடோ பனிப்புயலில் கார் கவிழ்ந்து, கால்கள் உடைந்து, கண் விழித்தால் ஆனி என்ற முன்னாள் நர்ஸின் தனி வீட்டில் கிடக்கிறார். அவருடைய நம்பர் ஒன் ரசிகையாம். போன் இருக்கிறது, வெறும் கூடு. வளர்ப்புப் பன்றிக்குப் பெயர் மிஸரி.

ஆனிக்குக் கெட்ட வார்த்தை ஆகாது. அவர் ஆசையாக எழுதிவைத்திருந்த புது நாவலில் அதெல்லாம் இருக்கிறது என்று சூப்பைச் சிந்திக் கத்துகிறாள். அப்புறம் அவர் கையாலேயே கொளுத்தவைக்கிறாள். கொலை பரவாயில்லை!

செத்த மிஸரியை உயிர்ப்பித்து எழுது என்று டைப்ரைட்டர் வாங்கித் தருகிறாள். 'என்' எழுத்து இல்லாததால் சல்லிசு. அவர் ஏதோ ஒப்பேற்றித் தர, இது ஏமாத்து வேலை என்று திருப்பிவிடுகிறாள். சின்ன வயதில் பார்த்த வாராந்திர சினிமாத் தொடரில், காரோடு மலையிலிருந்து விழுந்த ஹீரோ அடுத்த வாரம் முன்னமே குதித்துத் தப்பியதாகக் காட்டினார்களாம். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. தொடர்கதை எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை இரண்டு தடவை பார்க்கலாம். பைத்தியம்தான், ஆனால் விமரிசனம் நூற்றுக்கு நூறு சரி. படத்தில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது இதுதான்.

நாவலில் கோடரியால் பாதத்தை வெட்டுகிறாள். படத்தில் கணுக்கால்களுக்கு நடுவே மரக்கட்டை வைத்து, சம்மட்டியால் காலுக்கு ஒரு போடு. ரத்தம் இல்லை, வலி நமக்கு. திரைக்கதை எழுதிய வில்லியம் கோல்ட்மேன் இந்த மாற்றத்தை எதிர்த்து, பிற்பாடு ரைனர்தான் சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனியாக வந்த கேதி பேட்ஸுக்கு ஆஸ்கர். கட்டிலில் கிடந்தபடி கண்ணாலேயே பயந்த ஜேம்ஸ் கானுக்கு ஒன்றும் கிடைக்காதது அநியாயம்.

பாலுமகேந்திரா 2003-ல் இதைத் தமிழில் 'ஜூலி கணபதி' ஆக்கினார். நாவலாசிரியரை டி.வி. சீரியல் எழுத்தாளராக (ஜெயராம்) மாற்றியது கெட்டிக்காரத்தனம். சீரியல் நாயகியின் கஷ்டத்தைச் சொந்தக் கஷ்டமாக நினைப்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். ஜூலியாக வரும் சரிதாவின் கண்களுக்காகவே பார்க்கலாம்.