எந்தப் பக்கத்தில் வந்தது?

2003 ஈராக் போருக்கு முன் அமெரிக்கப் பத்திரிகைகள் பொய்யை அச்சிட்டன என்பது பழகிப்போன குற்றச்சாட்டு. அதைவிடப் பெரிய குற்றம், எதை முதல் பக்கத்தில் வைத்தார்கள், எதை உள்ளே தள்ளினார்கள் என்பதில் இருக்கிறது.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சதாம் உசேன் அணுகுண்டுக்காக அலுமினியக் குழாய்கள் வாங்க முயல்வதாக நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. எழுதியவர்கள் மைக்கேல் கார்டன், ஜூடித் மில்லர். தகவல் தந்தவர்கள் பெயர் வெளியிடப்படாத அரசு அதிகாரிகள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டிப் பேசினார். அரசுத் தரப்பு சொன்னதை அரசே பத்திரிகைச் செய்தியாகத் திருப்பிக் காட்டியது. ஒரே வாய், வாசகருக்கு இரண்டு சாட்சிகளாகத் தெரிந்தது. அந்தக் குழாய்கள் 81 மி.மீ. ராக்கெட்டுக்குத்தான் பொருந்தும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

அன்று எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள் என்று பத்திரிகைகளுக்காக வாதாடுவோர் உண்டு. இதை ஏற்க முடியாது. நைட் ரிடர் செய்தி நிறுவனத்தின் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபல் இருவரும் உளவுத்துறைக்குள் இருந்த சந்தேகங்களை அப்போதே எழுதினார்கள். ஆனால் நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ அந்த நிறுவனத்துக்கு நாளிதழ் இல்லை. வாஷிங்டன் போஸ்டில் வால்டர் பிங்கஸ் எழுதிய ஐயம், போர் தொடங்கச் சில நாட்களே இருக்கையில் 17-ஆம் பக்கத்தில் வெளியானது. அரசின் போர் வாதத்தை மையமாக வைத்து அதே இதழ் 140-க்கும் மேற்பட்ட முதல் பக்கச் செய்திகளை வெளியிட்டதாக 2004-இல் அதன் சொந்த ஆய்வே காட்டியது.

2003 ஆகஸ்டில் போஸ்ட் நடத்திய கருத்துக்கணிப்பில், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குப் பங்கிருக்கக்கூடும் என 69 சதவீதம் பேர் கருதினர். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் அதிபர் புஷ் அரசின் பேச்சுகளுக்கே முதல் பங்கு. பழி முழுவதையும் பத்திரிகைமேல் போடுவது நியாயமல்ல. ஆனால் அந்தப் பேச்சுகளுக்கு முதல் பக்கத்தைத் திறந்துவிட்டு, மறுப்பை உள்பக்கத்துக்கு அனுப்பியதற்குப் பத்திரிகைகளே பொறுப்பு.

பின்னாளில் பழியெல்லாம் மில்லர்மேல் விழுந்தது. 2005-இல் அவர் டைம்ஸிலிருந்து வெளியேறினார். அது வசதியான தீர்ப்பு. நிருபரைக் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஆசிரியர்களே முதல் குற்றவாளிகள். டைம்ஸும் 2004 மே 26 அன்று வெளியிட்ட குறிப்பில், பல நிலைகளில் இருந்த ஆசிரியர்கள் தவறியதை ஒப்புக்கொண்டது. அந்தக் குறிப்பையும் அவர்கள் 10-ஆம் பக்கத்தில்தான் போட்டார்கள்.